ஸ்பிரிங்வெளியில் ஒரு சங்கிலி ஜெபம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பதுளை பஸ் ஏறினேன். டிக்கெட் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய். ஜன்னலோரம் இடம் பிடித்த பிறகும், இறங்கி வீட்டுக்கே போய்விடலாமா என்ற யோசனை விடவில்லை. என் கணவர் இறந்து எட்டு மாதம். அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் வாயும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. வத்தளையில் எங்கள் சபையார் நல்லவர்கள்தான். ஆராதனை முடிந்ததும் கை கொடுத்து, "உங்களுக்காக ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்பார்கள். பிறகு காரில் ஏறிப் போய்விடுவார்கள்.

"இங்க வாங்கக்கா," என்று போனில் கூப்பிட்டவள் எஸ்தர். கொழும்பில் தையல் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷின்காரி; இப்போது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். "ஞாயித்துக்கெழம எங்க லயத்துல கூட்டம். வந்து சும்மா ஒக்காந்திருங்க, போதும்."

பலாங்கொடை தாண்டியதும் ஏற்றம். ஹல்துமுல்லையில் மழையும் பனியும் சேர்ந்து ரோட்டை மறைத்துவிட்டன. டிரைவர் மட்டும் சொந்த வீட்டுக்குள் நடப்பவர் போல வளைவுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கை அம்மாள், "தனியாவா போறீங்க?" என்று கேட்டார். "இனிமே எங்க போனாலும் தனியாத்தாங்க," என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. கேட்ட பாவத்துக்குத் தன் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

இரண்டு மணிக்குப் பதுளை. அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ ஆயிரத்து அறுநூறு. "எஸ்தரக்கா வீட்டுக்குங்களா? அப்ப நாளைக்குக் கூட்டத்துல இருப்பீங்க," என்றார் ஓட்டுநர். "எங்க வீட்டுக்காரியும் வருவா. நாங்க மாரியம்மனக் கும்புடுறவங்கதான். ஆனா அவளுக்குப் பாட்டுன்னா உசுரு."

ஞாயிறு மாலை நான்கு மணி. போதகர் பதுளையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் இவர்களே வீடு மாற்றி வீடு கூடுகிறார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தொழிலாளர் வீடுகள் ஒட்டியிருக்கும் லயத்தில், எஸ்தரின் அறையில் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். பாட்டு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து கை கோத்துக்கொண்டோம். சங்கிலி ஜெபம். ஒருவர் ஜெபித்து முடித்துப் பக்கத்தவர் கையை அழுத்தினால், அடுத்து அவர் ஆரம்பிக்க வேண்டும். ஒருத்தி அட்டை கடித்த புண் ஆறவேண்டும் என்றாள். இன்னொருத்தி, "மகன் கட்டார்ல இருக்கான் ஆண்டவரே, போனே வரல," என்று அழுதாள்.

எஸ்தர் என் கையை அழுத்தினாள். எனக்கு வாய் திறக்கவில்லை. சரி, தள்ளிவிடுவோம் என்று அடுத்திருந்த பாக்கியம் என்ற பெண்ணின் கையை அழுத்தினேன். அவள் தொடங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "அவசரமில்லங்க. நாங்க இருக்கோம்," என்றாள். இங்கே யாரையும் விட்டுவிட்டு ஜெபம் நகராது என்று எஸ்தர் எனக்குச் சொல்லவே இல்லை! தகரக் கூரையில் மழை கொட்டியது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஆண்டவரே, ஒங்க மேல எனக்குக் கோவம்," என்றேன். "அவர எடுத்துக்கிட்டீங்க. எனக்கு ஒருத்திக்கு மட்டும் சோறாக்கத் தெரியல, தெனமும் கொட்டுறேன். யாரும் வர்றதில்ல. நீங்களாவது வாங்க."

"ஆமென்," என்றது அறை முழுவதும். யாரும் முகம் சுளிக்கவில்லை. பாக்கியத்தின் கையை மறுபடி அழுத்தினேன். "எனக்கும் அதேதாங்க ஆண்டவரே," என்று அவள் ஆரம்பித்தாள்.

பிறகு ரொட்டியும் சம்பலும் பிளேன் டீயும். பாக்கியத்தின் கணவர் தவறி மூன்று வருஷமாம். "ஞாயித்துக்கெழம இவங்க வரலன்னா, திங்கக்கெழம நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்க மாட்டேங்க," என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். எட்டு மாதத்தில் அன்றுதான் ஒரு துணையோடு அழுதேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு எஸ்தர் என்னைப் பஸ் ஏற்ற வந்தாள். "அடுத்த மாசமும் வாங்கக்கா."

"மாட்டேன். புதன்கிழமை நானே கூட்டம் வைக்கப் போறேன்."

"யார் வருவாங்க?"

"யார் வர்றா? நான்தான் போகணும்."

லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கிறது. வத்தளையில் எங்கள் ஒழுங்கைத் தெருவில் வீட்டுக்கு வீடு மதில், கேட், நாய். உள்ளே யார் அழுதாலும் வெளியே தெரியாது. அதனால் சொன்னபடியே புதன்கிழமை மூலை வீட்டு மணியை அழுத்தினேன். அங்கே டொரத்தி டீச்சர் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் கனடாவில். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன கிரேஸ், யாருக்காவது ஏதாவது ஆயிட்டுதா?" என்றார் பதறி.

"யாருக்கும் ஒன்னும் ஆகல டீச்சர். நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன். ஜெபம் பண்ணலாம்னு வந்தேன்."

அவர் சாவி எடுக்க உள்ளே போனார். முன்னறையில் இரண்டு பேரும் கை கோத்து உட்கார்ந்தோம். அவருக்கு வார்த்தை வரவில்லை. நான் ஆரம்பித்தேன்.