உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத கடை

எளாவூரில் நாங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் இப்போது யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மேசைகளை மூலையில் அடுக்கிவிட்டு, அந்த இடத்தில் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றுக்கு மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டுகிறோம்.

முன்பு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஆந்திர எல்லையில் லாரிகள் நிற்கும் செக்போஸ்ட் வரை போவேன். லாரி வரிசை நீளமாக இருந்தால் அரிசி கூடப் போடுவோம், இல்லாவிட்டால் கம்மி. படிப்பைப் பாதியில் விட்டவனுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். பாதி நாள் அதுவும் பொய்த்துவிடும். நான் திரும்பி வருவதற்குள் வரிசை கலைந்து, வடித்த சோறு அப்படியே கிடக்கும். இன்னொரு நாள் சோறு தீர்ந்த பிறகு கும்பலாக வந்து நிற்பார்கள். வாடகை, கேஸ், அரிசி விலை என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே கிடப்பேன்.

அப்போதுதான் தினமும் மதியச் சாப்பாடு கட்டித் தர முடியுமா என்று கம்பெனியில் கேட்டார்கள். எத்தனை சாப்பாடு என்று முந்தின நாளே சொல்லிவிடுவார்கள், பணம் மாதாமாதம் பேங்கில் விழும். ஆனால் இரண்டு வேலையும் பார்க்க எங்களிடம் இடமும் இல்லை, ஆளும் இல்லை.

கடைச் சாப்பாட்டை நிறுத்துவது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "கடைன்னா நாலு பேரு குந்திக்கினு துன்னணும்யா. டப்பா கட்றதுக்கு ஊடு போதாதா?"

"நஷ்டம் வந்தா நீ தூங்கிடுவ. எனக்குத்தான் தூக்கம் வராது."

"லாபம் வந்தா மட்டும் தூங்கிடப் போறியா? அதுக்கும் ஒரு பேஜாரு கண்டுபுடிப்ப."

அவள் சொன்னதுதான் நடந்தது. பணம் ஒழுங்காக வருகிறது. ஆனால் மதியம் வேன் கிளம்பியதும் கடை வெறிச்சென்று ஆகிவிடும். உப்பு ஜாஸ்தி என்று திட்டவும் ஆளில்லை. யாராவது மறுசோறு கேட்டால், அடியில் மிச்சம் இருக்குமா என்று முன்பெல்லாம் பதறுவேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும். அந்தப் பதற்றத்துக்கு ஏங்குவேன் என்று நினைக்கவே இல்லை.

போன மாதம் ஒரு மதியம், எங்களிடம் வழக்கமாகச் சாப்பிட்ட ஆந்திரா டிரைவர் ஒருவர் வந்து நின்றார்.

"இன்னா நைனா, குந்த எடத்தையே காணோம்?"

"இப்ப கம்பெனி சாப்பாடு மட்டுந்தாம்பா."

"அப்ப நானும் கம்பெனில சேந்துடவா?"

எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த சாப்பாட்டை என் மனைவி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அவர் லாரி நிழலில் நின்றபடியே சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றலாம் என்று நான் எடுத்துக்கொண்டு போவதற்குள் கை கழுவிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம கம்பெனி லீவுதான?" என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல்.

நான் அவரைக் கேட்டேன். "ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் வருவியாப்பா?"

"லோடு இருந்தா வருவேன் நைனா."

அவர் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மேசை போட்டு வைக்கிறோம். ஒருவர் இருவர் வருகிறார்கள். சில வாரம் அதுவும் இல்லை. அவள் எப்போதும் கொஞ்சம் கூடவே வடிக்கிறாள். நான் தடுப்பதில்லை.