ஏரிப் பக்கத்துச் சுவர்

திருநின்றவூரில் வீடு கட்டிக் குடிவந்தபோது எனக்கு ஆறு வயது. மனை எப்படி அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். காரணம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. கொல்லையைத் தாண்டி ஒரு பொட்டல், அதைத் தாண்டினால் ஏரி.

அம்மாவுக்குச் சாத்தூர்ப் பக்கம். குடத்தோடு வரிசையில் நின்றே வளர்ந்தவள். முதல் நாள் மொட்டைமாடியில் ஏறி ஏரியைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கிடக்கு?" என்று கேட்டாள். அந்த வருடம் ஐப்பசியில் அதே தண்ணீர் அடுப்படி வரை வந்து அவளை விசாரித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அவள் ஏரியை ரசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அப்பா காலை ரயிலில் சென்னைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். வெயில், மழையெல்லாம் அவருக்குச் செய்தித்தாளில் வரும் விஷயங்கள். வீட்டைக் கட்டியவர் அவர். அதில் குடியிருந்தவள் அம்மா. ஆகவே பருவங்களோடு மல்லுக்கட்டும் வேலையும் அவளுக்கே வந்தது. சித்திரையில் தளம் கொதிக்கும் என்று மாடி முழுக்க வெள்ளைப் பூச்சைத் துடைப்பத்தால் அவளே பூசினாள். ஆடிக்காற்றில் ஜன்னல்கள் தடதடத்தால் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி இடுக்குகளில் திணித்தாள். மார்கழியில் ஏரிப் பனி இறங்கிச் சுவரெல்லாம் உப்புப் பூக்கும். அதைத் தோசைத் திருப்பியால் சுரண்டுவாள். பெருமழை பெய்தால் குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் மேலே கொப்பளிக்கும். துணி சுற்றிய அம்மிக்குழவியை அதன் மேல் நிறுத்தி வைப்பாள். "உங்கம்மா வீடு நடத்தலை, அணை கட்டுறா" என்று அப்பா சிரிப்பார். சிரித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்.

இரண்டாம் வருட மழையில் அரிசி மூட்டை நனைந்து முளைவிட்டது. அதன் பிறகுதான் அம்மா சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் பொட்டல் வழியாக எங்கள் கொல்லைக்குள் நுழைந்து, வீட்டை உரசிக்கொண்டு ஓடி, மறுபக்கம் இருந்த வயல்களுக்கு இறங்கிவிடும். போகிற போக்கில் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். கொல்லையின் பின் எல்லையில் ஒரு சுவர் எழுப்பிவிட்டால் அது நுழையவே முடியாது என்பது அம்மாவின் கணக்கு. கோடை விடுமுறையில் கொத்தனார் வந்தார். இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இங்க அடைச்சீனா அது அப்டியே தெருவுக்குப் பூந்துகினு போவும்மா. தண்ணி எங்கனா போயிதானே ஆவணும்?"

"எங்கிட்டாவது போகட்டும்ணே. எங்க வீட்டுக்குள்ள வராம இருந்தாச் சரி" என்றாள் அம்மா.

மூன்று வரிசைப் பெரிய சிமென்ட் கற்கள். என் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. சிமென்ட் இறுகும் வரை காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போக, அந்தப் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. தண்ணீரைத் தடுக்கப் பிறந்த சுவருக்குப் பத்து நாள் தண்ணீர் ஊட்டி வளர்த்தேன். அது என் சுவர் என்றே பள்ளியில் சொல்லிக்கொண்டேன்.

வேலை நடந்த நாட்களில் எதிர்வீட்டு அக்கா ஒரு தடவை வந்து நின்றாள். அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். மனைகளாகப் பிரிப்பதற்கு முன்னால் எங்கள் தெருவே அவர்களுடைய வயலாக இருந்ததாம். தெருவை ஒவ்வொரு முறை போடும்போதும் மேடாக்கி மேடாக்கி, அவர்கள் வீடு பள்ளத்தில் போய்விட்டிருந்தது. அக்கா இரண்டு மாடுகள் வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குத் திருமழிசையில் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலை.

"இன்னாக்கா, செவுரு எழுப்புற மாதிரி கீது?"

"ஆமா. போன வருசம் அரிசி மூட்டையே போச்சுல்ல."

"ஆமாமா, பாவம்." அக்கா சுவர் போய் முடிகிற தெருமுனையைப் பார்த்தாள். அங்கிருந்து தன் வாசலைப் பார்த்தாள். "நல்லா ஸ்ட்ராங்காவே கட்டச் சொல்லுக்கா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்த ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. எனக்குப் பள்ளி விடுமுறை. முந்தின நாள் வேலைக்குப் போன அப்பா ரயில் நின்றுபோனதால் நண்பர் வீட்டிலேயே தங்கிவிட்டார். காலையில் அடுப்படி ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி நான் அம்மாவுக்கு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பழுப்புத் தண்ணீர் முதல் வரிசையைத் தாண்டி, இரண்டாம் வரிசையைத் தொட்டது. இந்தப் பக்கம் எங்கள் கொல்லையில் வெறும் மழைக் குட்டைகள்தான். அப்பா போன் செய்தார். "ஒரு சொட்டு உள்ள வரலை" என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

போனை வைத்துவிட்டுக் கேசரி கிளறினாள். மழை நாளில் கேசரி செய்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. எதிர்வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

தெரு ஆறாகியிருந்தது. எங்கள் சுவரை ஒட்டியே ஓடிவந்த தண்ணீர் முனையில் திரும்பி, தெருவைக் கடந்து, நேராக எதிர்வீட்டு வாசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாடுகள் வயிறு நனைய நின்றன. அக்கா தோளில் ஒரு கன்றுக்குட்டியைப் போட்டுக்கொண்டு தொடையளவு தண்ணீரில் எங்களை நோக்கி வந்தாள். எங்கள் படியில் அதை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள்.

"யக்கா, இத்த கொஞ்சம் பாத்துக்க. பொறந்து ஆறு நாளுதான் ஆவுது."

"வீட்டுக்குள்ளயும் வந்திருச்சா?"

"அடுப்பு வரிக்கும் ஏறிடுச்சு."

"எல்லா வருசமும் இப்படி வருமா உங்களுக்கு?"

அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "இந்த வருசம் மய ஜாஸ்திக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கினாள்.

மழை அதிகம்தான் என்று நானும் நினைத்தேன். அம்மா கேசரிக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்க் கிண்ணத்தை மேடையில் வைத்தாள். என் புத்தகப் பையைப் பரணில் போடச் சொன்னாள். அரிசி, பருப்பு, மெத்தை, அப்பாவின் சட்டைகள் எல்லாம் மேலே போயின. சிலிண்டரை மேஜை மேல் ஏற்றினாள். தண்ணீர் வரப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. எப்படி வரும் என்றுதான் புரியவில்லை. சுவர் அசையாமல் நின்றுகொண்டுதானே இருந்தது?

அம்மா மாடிப்படிக்கு அடியிலிருந்து கடப்பாரையை எடுத்தாள்.

நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். "நான்தானே தினமும் தண்ணி ஊத்துனேன்! உடைக்காதம்மா!" அழுது கத்தினேன்.

"நீ போயி கன்னுக்குட்டி பக்கத்துல உக்காரு" என்று என் கையை விடுவித்தாள்.

முதல் அடிக்குச் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. கொத்தனார் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார். ஐந்தாவது அடிக்கோ ஆறாவது அடிக்கோ மேல் வரிசையில் ஒரு கல் பெயர்ந்தது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தாள்.

"யக்கா, இன்னா பண்றே? உன் ஊட்டுக்குள்ள வந்துரும்!"

"வரட்டும்."

"வேணாக்கா, சொன்னா கேளு. மய வுட்டா வடிஞ்சிரும்."

அம்மா அடுத்த அடியை ஓங்கினாள். அக்கா கொஞ்ச நேரம் மழையில் நின்று பார்த்தாள். பிறகு அம்மாவின் அருகில் வந்து, ஆட்டம் கண்ட கல்லைக் கையால் பிடித்து இழுத்தாள். இரண்டாம் வரிசை சரிந்ததும் தண்ணீர் மிச்சத்தைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பழைய வழி அதற்கு மறந்திருக்கவில்லை. கொல்லையைக் கடந்து, வீட்டை உரசி, வயல் பக்கம் இறங்கியது. எங்கள் கூடத்தில் என் கணுக்கால் நனைந்தது, பிறகு முட்டிக்குக் கீழே வரை ஏறி நின்றது. நான் மாடிப்படியில் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தேன். அது என் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் எதிர்வீட்டில் தண்ணீர் அடுப்பை விட்டு இறங்கிவிட்டது. மாடுகளின் குளம்பு மட்டும்தான் நனைந்திருந்தது. அன்று எல்லோரும் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஆறிப்போன கேசரியைச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் அப்பா தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்து சேர்ந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். எதிர்வீட்டு அக்கா எங்கள் கூடத்தில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"செவுரு உடைஞ்சிருச்சா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "ஆமா, தாங்கலை" என்றாள்.

"நான் அப்பவே நெனைச்சேன். கொத்தனார் சரியில்லை."

"அவர் நல்லாத்தான் கட்டுனார். நான்தான் சரியா யோசிக்கலை."

அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. துடைப்பம் மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. அவள் போகும்வரை காத்திருந்து, அம்மாவிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "அப்ப அவ அங்கனதான நின்னா" என்றாள். அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

அம்மா அந்தச் சுவரை மறுபடி கட்டவில்லை. அடுத்த கோடையில் எங்கள் வாசற்படிகளை மட்டும் ஒரு சாண் உயர்த்தினாள். பரணை அகலப்படுத்தினாள். ஐப்பசி வந்தால் அரிசி மூட்டை தானாகப் பரணேறியது. சுவர் உடைந்த கதையை அப்பா விருந்தாளிகளிடம் பல வருடங்கள் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் கூடவே சிரித்தாள்.

அம்மாவுக்குச் சுவர் கட்ட வராது என்று அப்பா நினைத்துக்கொண்டார். அம்மாவுக்குக் கூசாமல் பொய் சொல்ல வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தலை குனிந்து எங்கள் வீட்டுச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா என்ன நினைத்துக்கொண்டாள் என்று யோசிக்கத்தான் அப்போது எனக்கு வயது போதவில்லை.