பில்லுல கவரு, மூட்டையில இலை

கடைய மூடிட்டேனானு கேக்குறீங்களா? இன்னும் இல்லீங்க. கவரு, கப்பு, தட்டு விக்கிற தொழில்ல சரக்கு கெடாது, வியாபாரிதான் கெட்டுப்போவான். திருவண்ணாமலையில பௌர்ணமிதான் எனக்குத் தீபாவளி. கிரிவலக் கூட்டத்துக்கு அன்னதானம் போடறவங்க வந்து வாங்கினாதான் கடை ஓடும். ஒரு வருஷம் ரெண்டு உத்தரவு ஒண்ணா வந்துச்சு: மலை சுத்துற பாதையில பிளாஸ்டிக் கூடாது, கடையில கம்ப்யூட்டர் பில்லுதான் போடணும். கடை வெச்சிருக்கிற உங்களுக்கே தெரியும், ரெண்டும் சேர்ந்தா என்ன பாடுன்னு.

சாம்பாரும் துணிப்பையும்

பிளாஸ்டிக்க நிறுத்திட்டு, துணிப்பையும், சோறு போடறதுக்குத் தையல் இலையும் எறக்குனேன். மொதல்ல வந்தது செங்கம் ரோட்டுல இட்லிக் கடை போட்டிருக்கிற கனகா அக்கா. சாம்பார் கட்ட கவரு கேட்டாங்க. “இனிமே இதாங்கக்கா”ன்னு துணிப்பைய நீட்டினேன். தூக்கி வெளிச்சத்துல பாத்தாங்க.

“இதுல ஊத்தினா, வாங்கினவன் வீடு போறதுக்குள்ள பருப்பு மட்டும்தான் மிஞ்சும் தம்பி.”

பேரு இல்லாத சரக்கு

நான் படிச்ச ராத்திரி ஸ்கூல்ல கணக்கு சொல்லிக் குடுத்தாங்க, கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கல. பில்லு மெஷின வெச்சுட்டுப் போனவன் கவரு, கப்புனு பழைய சரக்குப் பேரயெல்லாம் ஏத்திட்டான், இலைய ஏத்தல. பேரு இல்லாத சரக்குக்கு பில்லு வராது. ஏத்தணும்னா வேலூர்லேர்ந்து அவன்தான் வரணும். பௌர்ணமி காலையில ஏழுமலை வந்து நிக்கிறாரு. வருஷக்கணக்கா அன்னதானம் போடறவரு, என் பெரிய கிராக்கி. நான் பொட்டிய முறைக்கிறேன், அவரு என்னைய முறைக்கிறாரு.

“சோறு வடிச்சாச்சு, எதையாவது அமுத்துங்கண்ணே!”

‘பிளாஸ்டிக் கவர்’ங்கறத அமுத்தினேன். பில்லு அழகா வந்துச்சு.

பாதையில நின்ன மூட்டை

கொஞ்ச நேரத்துல ஏழுமலை போன் பண்றாரு: சோதனையில மூட்டைய நிறுத்திட்டாங்க, ஜனம் வரிசையில நிக்குது. சைக்கிள மிதிச்சு ஓடினேன். மூட்டையப் பிரிச்சு இலைய ஆபீசர் மூக்குகிட்டயே காட்டினேன். அவரு நல்ல மனுஷன்தான், பாவம்.

“இலைனு எனக்கும் தெரியுதுங்க. மேல கேட்டா நான் பில்லத்தானே காட்டணும்?”

அடுத்த பௌர்ணமி

வேலூர் ஆளு வந்து இலைக்குப் பேரு ஏத்திட்டான். காலையிலேர்ந்து வாசலையே பாத்துட்டிருந்தேன், ஏழுமலையக் காணோம். மனசு கேக்காம அவரு பந்தலுக்கே போனேன். தட்டும் இல்ல, இலையும் இல்ல. ஜனங்க கைய ஏந்தறாங்க, புளிசாதத்த உருட்டி உருட்டி வைக்கிறாரு. அன்னிக்கு மூட்டை நின்னுபோனதுல இப்படிப் போட ஆரம்பிச்சிருக்காரு.

“கையில குடுத்தா குப்பையும் இல்ல, பில்லும் இல்ல, ஜனம் பழகிடுச்சுண்ணே. நீங்களும் ஒரு உருண்டை வாங்கிக்குங்க.”

வாங்கிக்கினேன். நல்லாதான் இருந்துச்சு.

ரெண்டும் நல்ல உத்தரவுதாங்க, என் கடை வாசல்ல ஒண்ணோட ஒண்ணு மோதிக்காம இருந்திருந்தா.

“ஏங்க, லோடு வந்திருக்கு, தூறல் போடுது, இலையெல்லாம் நனையுது!”ன்னு வீட்டுக்காரி கத்துறா. வரேங்க.