தொண்ணூறு சென்டிமீட்டர்

படைமுகாமில் தையல்காரனுக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் நூலு. பெயருக்குச் சாட்சி தேவையில்லை. ஆளை அப்படியே ஊசிக் காதில் கோர்த்துவிடலாம். பதினேழு வருடத்துக்கு முன்னால் பயிற்சியில் கயிறு ஏறச் சொன்னபோது, பாதிக் கயிற்றில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் தெரியாமல் அழுதவன். கீழே நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் கயிற்றைப் பிடித்து ஏறி வந்து, நூலுவின் பிட்டத்தைத் தன் தோளால் முட்டி முட்டி மேலே தள்ளிவிட்டான். அவன் சமையல்காரன். அவன் பெயர் அண்டா.

அந்த நன்றியில்தான் தன் தங்கையை அண்டாவுக்குக் கட்டிக்கொடுத்ததாக நூலு சொல்லுவான். அண்டா சொல்லுவது வேறு: "கயித்துலேர்ந்து காப்பாத்துனேன். என் கழுத்துலயே கயித்த மாட்டிட்டான்."

நூலுவின் தையல் அறை ஸ்டோருக்குக் கடைசியில், ஒரே ஒரு ஜன்னலோடு இருந்தது. பெடல் மிஷின், இஸ்திரிப்பெட்டி, ஓரத்தில் மர ஸ்கேல் ஆணியடித்த வெட்டு மேஜை. பதினேழு வருடமாக அந்த அறைக்குள் பேன்ட்டுகள் பறந்துதான் வந்தன. "டேய் நூலு, சாயங்காலத்துக்குள்ள!" என்று வாசலில் நின்றபடியே வீசுவார்கள். அதில் லாரி டிரைவர் ஒருவன் முகத்தைக் குறிபார்த்து எறிவான். நூலு பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் பேன்ட்டை எடுத்து உதறுவான்.

புதிய கமாண்டர் வந்த பிறகுதான் அவனுக்குக் காலம் திரும்பியது.

கமாண்டர் முதல் நாளே அறுபது பேரையும் மைதானத்தில் நிறுத்திச் சொன்னார்: "தொப்பை இருக்குற இடத்துல துணிவு இருக்காது. துணிவு இல்லாதவன் பக்கத்துல நின்னா பக்கத்துல நிக்கிறவனுக்கும் அது ஒட்டிக்கும்." ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று சட்டையைக் கழற்றி இடுப்பளவு. தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் போனால் தொப்பை வரிசை. தொப்பை வரிசையில் இருப்பவன் வயிற்றில் மணல் நிரப்பிய தலையணை உறையைக் கட்டிக்கொண்டு தினமும் ஓட வேண்டும். மெஸ்ஸில் உட்காரக் கூடாது. கை கழுவும் குழாயடியில் நின்றுகொண்டு சாப்பிட வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் வேலை போய்விடும். குடும்பத்தோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

அளக்கும் பொறுப்பு நூலுவுக்கு. அவன் பழைய டேப்பு ஆகாது என்று, சிவப்பு அரக்கு முத்திரை வைத்த புது துணி டேப்பு ஒன்றைக் கமாண்டரே கையில் கொடுத்தார். "இதைத் தவிர வேற எதுலயும் அளக்கக் கூடாது. அறுபது பேர் வேர்வை படும். அளந்து முடிச்சதும் மருத்துவ அறையில மருந்துத் தண்ணி வாங்கி நனைச்சு எடு."

முதல் திங்கள். நூலு டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றான். அவன் எண்ணைச் சொல்வான், சார்ஜெண்ட் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார், நோட்டில் ஏறும். லாரி டிரைவரின் முறை வந்தது.

"மூச்ச விடு," என்றான் நூலு.

"விட்டுட்டேன்."

"இன்னும் உள்ள இருக்கு. விடு."

டிரைவரின் முகம் அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நூலு டேப்பை விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திப் பிடித்தான். "தொண்ணூத்தி ஒண்ணு."

அன்று மாலையே தையல் அறைக்கு டீ வந்தது. டிரைவரே கொண்டுவந்தான். பேன்ட்டு மடித்து வந்தது. "அண்ணே, முடிஞ்சப்போ பாருங்க," என்றான். நூலு தலையை நிமிர்த்தாமல், "அங்க வச்சுட்டுப் போ," என்றான். பதினேழு வருடம் மனதில் ஒத்திகை பார்த்த வசனம் அது.

அண்டாவுக்கு அன்று தொண்ணூற்று மூன்று. அது டேப்பின் குற்றமோ நூலுவின் குற்றமோ இல்லை, கரண்டியின் குற்றம். அறுபது பேருக்குச் சமைப்பவன் ருசி பார்க்காமல் உப்பு எப்படிப் போடுவான்? ஒரு நாளைக்கு முப்பது கரண்டி என்றாலும் வருடத்துக்கு எத்தனை! மணல் உறையைக் கட்டிக்கொண்டு, "தொப்பை போகட்டும், துணிவு வரட்டும்!" என்று கத்திக்கொண்டே அவன் மைதானத்தைச் சுற்றினான். தன் கையால் சமைத்த சாப்பாட்டைக் குழாயடியில் நின்று சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸில் சாப்பிடப் போனபோது தங்கை நூலுவுக்குப் பரிமாறிக்கொண்டே சிரித்தாள். "உன் கையில டேப்பு இருக்குற வரைக்கும் எனக்கென்ன பயம், அண்ணே?" அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

டேப்பு விஷயத்தில் நூலு ஒரு சின்னக் காரியம் செய்திருந்தான். மருத்துவ அறைக்குப் போனால் கையெழுத்துப் போட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். தலைகீழாய் மாறிய காலத்தில் அவன் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? மெஸ்ஸுக்குப் போய், அண்டாவின் பாத்திரத்திலேயே டேப்பைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து எடுத்துக் காயப்போட்டான்.

"என்ன மச்சான், எங்க எல்லாரோட வேர்வையையும் சூப்பு வைக்கிறியா?" என்றான் அண்டா.

"கிருமி சாகணும் மாப்ளே. ஆர்டரு."

இரண்டாம் திங்கள் அந்த முகாமில் ஒருவரும் மறக்க முடியாத திங்கள். ஒரு மாதம் அத்தனை பேரும் நாக்குத் தள்ள ஓடியிருந்தார்கள். ஆனால் அளந்தால் இடுப்பெல்லாம் பெருத்திருந்தது! தொப்பை வரிசையில் நாலு பேராக இருந்தவர்கள் பதினைந்து பேர் ஆனார்கள். அண்டாவுக்குத் தொண்ணூற்று இரண்டு.

"ஒரு மாசம் ஓடி ஒரே ஒரு சென்டிமீட்டரா?" என்றார் சார்ஜெண்ட். "நீ மட்டும் மைதானத்துக்கு வந்துட்டு, தொப்பைய குவார்ட்டர்ஸ்லயே விட்டுட்டு வந்தியோ?"

வரிசை சிரித்தது. அண்டாவும் சிரித்தான். சிரித்தபோது தொப்பை குலுங்கியது, வரிசை மறுபடி சிரித்தது.

கமாண்டர் சிரிக்கவில்லை. ஞாயிறு வெளியே போகும் அனுமதியை அறுபது பேருக்கும் ரத்து செய்தார். அதே வாரம் மேலிடத்திலிருந்து மனஉறுதிப் படிவம் வந்தது: உங்கள் அணியின் உற்சாகம் எப்படி இருக்கிறது, டிக் செய்யவும். பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தது. சார்ஜெண்ட் பெயர் எழுதி வாங்கிக்கொண்டார். அறுபது பேரும் 'மிக நன்று' என்று டிக் செய்தார்கள். அன்று இரவு அந்த மிக நன்று ஆட்கள், வெளியே போக முடியாத கோபத்தில், தொப்பை வரிசைக்காரர்களின் படுக்கையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் கமாண்டரின் பேன்ட்டு தைக்க வந்தது. கமாண்டரின் இடுப்பு தொண்ணூற்று ஆறு. அது எந்த நோட்டிலும் ஏறாது. இடுப்புப் பட்டிக்குள், வெளியே தெரியாமல், எலாஸ்டிக் வைத்துத் தைப்பது நூலுவின் கைப்பக்குவம். துணியை விரித்து, பழைய டேப்பைத் தேட அலுத்து, கழுத்தில் கிடந்த முத்திரை டேப்பையே எடுத்து மேஜையில் நீட்டினான். பக்கத்தில் மர ஸ்கேல். டேப்பின் தொண்ணூறு, ஸ்கேலின் எண்பத்தெட்டில் நின்றது.

நூலு இன்னொரு முறை நீட்டினான். எண்பத்தெட்டு.

புதுத் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுருக்கம் போக்கிவிட்டுத்தான் கத்திரி வைக்க வேண்டும். தையல் பழகும் பையனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். பதினேழு வருடம் தைத்தவன் துணி டேப்பைக் கொதிக்க வைத்திருக்கிறான். பதினைந்து பேரில் பாதிக்கு மேல் தொப்பையே இல்லாதவர்கள். அண்டா சரியாகத் தொண்ணூறு. தேறிவிட்டான். தேறிய பிறகும் மணல் சுமந்துகொண்டிருக்கிறான்.

சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தான். வாசல் வரைக்கும் போனான். கமாண்டர் என்ன செய்வார்? டேப்பைப் பிடுங்குவார், சிறையில் போடுவார். சரி, அதைத் தாங்கலாம். அந்தப் பதினைந்து பேர்? வாளித் தண்ணீரில் படுத்தவர்கள்? எல்லாவற்றுக்கும் மேலே, நாளைக் காலையில் பேன்ட்டு மறுபடி முகத்தில் வந்து விழும். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மேஜையைத் தட்டிக்கொண்டே யோசித்தான். சுருங்கிய துணியை இழுக்கத் தெரியாதவனா அவன்? டேப்பை ஈரமாக்கி, ஒரு முனையைச் சுவர் ஆணியில் கட்டி, மறு முனையில் இஸ்திரிப்பெட்டியைத் தொங்கவிட்டான். நாளுக்கு ஒருமுறை ஸ்கேலில் வைத்துப் பார்த்தான். நாலாம் நாள் அரை சென்டிமீட்டர் திரும்பியது. மூன்றாம் திங்களுக்குள் தொண்ணூறு தொண்ணூறாகிவிடும். எல்லாரும் தேறுவார்கள், கமாண்டர் மகிழ்வார், ஒருவருக்கும் நட்டமில்லை. அண்டாவுக்கு மட்டும் சொல்லலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. மாப்பிள்ளை வாயில் ரகசியம் சல்லடையில் தண்ணீர். வேண்டாம். இன்னும் கொஞ்சம் இளைத்தால்தான் என்ன? நல்லதுதானே.

அடுத்த வாரம் அண்டா தையல் அறைக்கு வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"இது என்ன மச்சான், டேப்ப தூக்குல போட்டிருக்க?"

"சுருக்கம் எடுக்குறேன்."

"என் சுருக்கத்தையும் எடேன்." அண்டா ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபோது சரசரவென்று சத்தம் கேட்டது. சட்டையைத் தூக்கிக் காட்டினான். வயிற்றைச் சுற்றி பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கயிறு. "வேர்த்தா கரையுமாம். டிரைவர் சொன்னான். ரெண்டு வாரமா ராத்திரி சாப்பாடு இல்ல. ருசி பாக்குறதும் இல்ல. நேத்து உப்ப ரெண்டு தடவ போட்டுட்டேன், தட்டத் தூக்கி எறிஞ்சானுங்க."

"தண்ணியாச்சும் குடிக்கிறியா?"

"கடைசி ரெண்டு நாள் அதையும் நிறுத்தப்போறேன். தண்ணிக்கும் இடுப்பு இருக்காமே." அண்டா குரலைத் தாழ்த்தினான். "மச்சான், உன்ன இழுத்துப் புடின்னு கேக்க மாட்டேன். நீ மாட்டிக்குவ. நானே பாத்துக்குறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எத்தன இடுப்பு பாத்தவன். எனக்கு ஆகுமா?"

அவன் தலைக்கு மேலே இஸ்திரிப்பெட்டி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும். நூலு நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோர்த்தான்.

"ஆகும் மாப்ளே. விடாம செய்."

மூன்றாம் திங்கள். வெயில் ஏழு மணிக்கே சுட்டது. முதலில் அளவு, பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று உத்தரவு. டேப்பு பழைய நீளத்துக்கு வந்துவிட்டிருந்தது, விடியும்போதே ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டான். தொப்பை வரிசையில் ஒவ்வொருவனாகத் தேறினான். அண்டா வந்து நின்றான். உதடு வெடித்துச் சுண்ணாம்பாக இருந்தது. தோல் தொட்டால் சுட்டது. வேர்வை ஒரு சொட்டு இல்லை. நூலு டேப்பைச் சுற்றினான்.

"எம்பத்தி நாலு."

சார்ஜெண்ட் திருப்பிச் சொல்ல மறந்து நோட்டைப் பார்த்தார். கமாண்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அண்டாவின் முதுகில் தட்டினார். "எல்லாரும் பாருங்க. இதுக்குப் பேருதான் மனஉறுதி! இன்னிக்கு ஓட்டத்துல இவன்தான் முன்னால போவான்."

அண்டா நூலுவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

முதல் சுற்றில் முன்னால்தான் ஓடினான். இரண்டாம் சுற்றில் கோடு தப்பி ஓடினான். மூன்றாம் சுற்றில், கயிறு தொங்கும் மரத்தடியில், கால் மடங்கி முகம் குப்புற விழுந்தான். பின்னால் வந்தவர்கள் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். நின்றால் அவர்கள் நேரம் போய்விடும். "அண்டா உருண்டுடுச்சு டோய்!" என்று டிரைவர் கத்தினான். ஓடியபடியே சிரித்தார்கள். "நடிக்காத, எழுந்திரு!" என்று சார்ஜெண்ட் விசிலை ஊதினார். நூலு கழுத்து டேப்போடு ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தபோது அண்டாவின் கண் மேலே செருகியிருந்தது. ஐம்பத்தொன்பது பேரும் அவர்களைச் சுற்றிக்கொண்டு இன்னும் இரண்டு முறை ஓடி முடித்த பிறகுதான் ஸ்ட்ரெச்சர் வந்தது.

அண்டா சாகவில்லை. சிறுநீரகம் இரண்டும் செத்துவிட்டன. வாரம் மூன்று நாள் மிஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஆறாம் வாரம் 'உடல் தகுதி இல்லை' என்று வேலையிலிருந்து விடுவித்துக் கடிதம் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய முப்பது நாள்.

கமாண்டருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ஒரே மாதத்தில் அணியின் சராசரி இடுப்பு நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அதில் இரண்டைக் குறைத்தது இஸ்திரிப்பெட்டி. அளவில் ஒரு குறையும் வைக்காத தையல்காரனுக்குச் சட்டைக்கையில் ஒரு பதவிப் பட்டை போட்டுக்கொள்ள உத்தரவு.

தன் சட்டைக்கையில் அந்தப் பட்டையை வைத்து நூலு தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்டா வந்தான். வெளியே வேன் நின்றது. தங்கை பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள், அறைப்பக்கம் திரும்பவில்லை. பெரிய பெண் தலையணைகளைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்டா பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். "நிக்க மாட்டேங்குது மச்சான். கொஞ்சம் புடிச்சுக் குடு. வழியில அவுந்து விழுந்தா அதுக்கும் கைதட்டுவானுங்க."

நூலு டேப்பை எடுத்து அளந்தான். எழுபத்தொன்பது. பட்டியைப் பிரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, மிஷினை மிதிக்கத் தொடங்கினான். அண்டா துண்டைக் கட்டிக்கொண்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்து காலி ஆணியைப் பார்த்தான்.

"மச்சான், ஒண்ணு கேப்பேன். மறைக்கக் கூடாது."

மிஷின் நின்றது.

"அன்னிக்கு எம்பத்தி நாலுன்னியே. அது நெசமா? இல்ல தங்கச்சி புருஷன்னு இழுத்துப் புடிச்சியா?"

"நெசம்தான் மாப்ளே. டேப்பு சரியா இருந்துச்சு."

"அது போதும்," என்றான் அண்டா. வெடித்த உதட்டில் சிரிப்பு வந்தது. "இவ நம்ப மாட்டேங்குறா. நீதான் கூடக் கொறைய சொல்லியிருப்பேங்குறா. நீயே ஒரு தடவ அவகிட்ட சொல்லேன்."

நூலு மறுபடி மிதித்தான். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பேன்ட்டை உதறி, இரண்டு கையாலும் நீட்டினான். அண்டா மாட்டிக்கொண்டு ஒரு முறை குதித்துப் பார்த்தான். நின்றது. "கைவேலைன்னா இதுடா," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு நடந்தான்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்கும் வரைக்கும் நூலு வெளியே போகவில்லை. வெட்டி எடுத்த பட்டித் துணி மேஜையில் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுச் சட்டையை எடுத்தான். பட்டையில் இன்னும் ஒரு ஓரம் பாக்கியிருந்தது. மறுநாள் மாதத்தின் முதல் திங்கள்.