சாலைக்கு அந்தப் பக்கம் தேர்தல்

லாரியில் கட்டிய ஒலிபெருக்கிச் சத்தம்தான் இப்போதும் முதலில் காதில் ஒலிக்கிறது. நான்கு மொழியில் மாற்றி மாற்றி ஓட்டுக் கேட்டுக்கொண்டு, சிங்கப்பூரின் ஜூரோங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே மெதுவாக ஊர்ந்து போகும். தமிழ் முறை வரும்போது சரியாக வளைவில் திரும்பிவிடும்...

தொகுதி எல்லை எங்கள் வீட்டு முன் சாலையின் நடுவில் ஓடியது. அந்தப் பக்கம் போட்டி. விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் சிரித்த முகங்கள். எங்கள் பக்கம் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. வாக்கோவர். போட்டி இல்லாததால் ஓட்டும் இல்லை. கம்பம் வெறும் கம்பமாக நின்றது.

வாப்பாவுக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது. கப்பல் பட்டறையில் வேலை. ஓட்டு நாள் எல்லாருக்கும் விடுமுறை.

"கம்பெனி பஸ்ஸும் இல்ல, கியூவும் இல்ல. நல்லாத் தூங்கலாம் லா" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். இங்கேயே பிறந்தவர், அவருக்கென்ன?

உம்மா கதை வேறு. நாகூரிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவர். வருடக்கணக்காக நிரந்தரவாசிகளுக்கான நீல அடையாள அட்டை, நீல ஐசிதான். அந்தத் தேர்தலுக்கு முந்தைய வருடம்தான் குடியுரிமை கிடைத்து, பிங்க் ஐசி கைக்கு வந்தது. இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று, வாப்பா அவரை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். உம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இனிமே ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னா, நான் பொறந்த ஊருக்கே விசா வாங்கிட்டுத்தான் போவணும்."

வாப்பா தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தார். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல. இங்க ஓட்டுப் போடலாம்ல" என்றார். விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக அந்த ஒரு ஓட்டைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதுவும் வாக்கோவரில் போனது...

ஓட்டு நாள் காலை. உம்மா குளித்து முடித்து, குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று கட்டிய பச்சைப் புடவையில் நிற்கிறார். எனக்கு அப்போது இருபது வயது, ஒரு ஃபேக்டரி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஓட்டுப் போட இன்னும் ஒரு வயது பாக்கி.

"எங்க உம்மா போறீங்க?"

"ஓட்டுப் போட."

"நமக்குத்தான் வாக்கோவர் ஆச்சே?"

"இந்தப் பக்கம்தானே இல்ல? அந்தப் பக்கம் இருக்குல்ல."

தடுத்திருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் கூடவே போனேன். பச்சை விளக்குக்குக் காத்திருந்து, முறையாகச் சாலையைக் கடந்து, எதிர்ப் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றோம்.

வாசலில் இருந்த அதிகாரி சின்ன வயது மலாய்க்காரர். வாக்காளர் அட்டை கேட்டார். உம்மா ஐசியை நீட்டினார். "மக்சிக், இது உங்க தொகுதி இல்லையே" என்று அவர் மலாயில், அத்தையைக் கூப்பிடும் மரியாதையோடு, பொறுமையாக விளக்க, உம்மா தன் சந்தை மலாயில் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். மார்க்கெட் ஒன்று, பஸ் ஸ்டாப் ஒன்று, கிளினிக் ஒன்று. ஓட்டு மட்டும் எப்படி இரண்டாகும்? நானும் சிங்கப்பூர்தான், இதுவும் சிங்கப்பூர்தான்.

அடுத்த தடவை நிச்சயம் போடலாம் என்றார் அதிகாரி, பாவம்.

"அப்ப என் பேரையாவது எழுதிக்கச் சொல்லு. வந்தேன்னு இருக்கட்டும்" என்று என்னிடம் தமிழில் சொன்னார் உம்மா. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு மானமே போனது. இப்போது நினைத்தால் அந்த இடத்தில்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

வீட்டில் வாப்பா கொட்டாவி விட்டுக்கொண்டே, "யாருக்குப் போட்ட?" என்றார். உம்மா பசியாற வைத்த தட்டு மேசையில் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அடுத்த தேர்தலில் எங்கள் பக்கமும் போட்டி!

வீட்டுக்கு மூன்று வாக்காளர் அட்டைகள் வந்தன. உம்மா தன்னுடையதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தேக்கா மார்க்கெட் வரைக்கும் கொண்டுபோனார். ஆட்டுக்கறிக் கடைக்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். "சரியாத்தான் இருக்கு" என்று சான்றிதழும் கொடுத்தார்.

அதே பச்சைப் புடவை. இந்தத் தடவை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம். நான் பின்னால் நின்றேன். வாக்குச்சீட்டைக் கொடுக்கும் முன் அதிகாரி எண்ணையும் பெயரையும் உரக்கப் படித்தார்.

"ஜமீலா பீவி."

உம்மாவின் முதுகு சட்டென்று நிமிர்ந்தது.

வெளியே வந்ததும் வாப்பா ஆவலாகக் கேட்டார், "யாருக்குப் போட்ட?"

"அது ரகசியம்" என்றார் உம்மா. கொஞ்ச தூரம் நடந்த பிறகு என் பக்கம் திரும்பி, "என் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, கேட்டியா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாப்பாவுக்கு அவர் 'இந்தா'. மார்க்கெட்டில் ஆன்ட்டி, பக்கத்து வீட்டில் மக்சிக், எனக்கு உம்மா. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாலு பேர் நடுவில் யாரும் அவரை ஜமீலா பீவி என்று கூப்பிட்டதே இல்லை.

இப்போது வீடு மாறி பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறோம். சாலையின் இரண்டு பக்கமும் போஸ்டர். வரிசை எவ்வளவு நீளம் என்று போனிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். போன தேர்தலுக்கு உம்மா கைத்தடியோடு வந்தார். முதியோர் வரிசை, உட்கார நாற்காலி, எல்லாம் மளமளவென்று முடிந்தது. ஐசியை மெஷினில் காட்டிய தமிழ்த் தம்பி, திரையைப் பார்த்து மெல்லிய குரலில், "ஜமீலா பீவி... சரிங்களாம்மா?" என்றார்.

"காது சரியாக் கேக்கல தம்பி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. எழுந்து நின்று, மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்.

உம்மா தலையை ஆட்டிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு கம்பீரமாக நடந்தார். பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

உம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.