கரண்ட் வந்ததும் உள்ளே ஓடிவிட்டேன்

இன்று மாலை அடித்த புயற்காற்றில் மெல்பேர்னின் ட்ருகனினாவில் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஹீட்டர் நின்றது. என் அடுப்பும் கரண்டில்தான் வேலை செய்யும்.

கரண்ட் போனால், எனக்கு மட்டும்தானா எல்லோருக்குமா என்று வாசலுக்கு வந்து பார்ப்பது என் பழைய பழக்கம். இங்கே யாரும் அப்படி வருவதில்லை.

இன்று எதிர்வீட்டு வாசலிலும் ஒருவர் போர்வையோடு நின்றார். என் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்.

“நமக்கு மட்டும் இல்லடி, எல்லாருக்கும் போயிடுச்சு!”

இரண்டு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். அவர் தமிழ் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

“ஓம், முழு ரோட்டுக்கும் கரண்ட் இல்லை,” என்றேன்.

மனிதர் தெருவைக் கடந்தே வந்துவிட்டார். “அட, தமிழா நீங்க! தனியாவா இருக்கீங்க? வாங்க, நம்ம வீட்ல கேஸ் அடுப்பு. சூடா டீ குடிக்கலாம்.”

“வாறன், கதவைப் பூட்டிப்போட்டு வாறன்.”

அந்த நேரம் பார்த்துத் தெரு விளக்கு எரிந்தது.

“வந்துடுச்சு!” என்றார் அவர்.

“வந்திட்டுது!” என்றேன் நான்.

இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அவரவர் வீட்டுக்குள் ஓடிவிட்டோம்.

கதவைச் சாத்திய பிறகுதான் டீ ஞாபகம் வந்தது. பெயரும் கேட்கவில்லை.

இப்போது எல்லா லைட்டும் எரிகிறது. ஹீட்டர் ஓடுகிறது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது.

கரண்ட் இருக்கும்போது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட என்ன காரணம் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இல்லாவிட்டால், அடுத்த புயல் எப்போது என்றாவது சொல்லுங்கள்.