காணிக்கைக் கொம்பு

2003 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். சித்தூரில் எங்கள் வீட்டு மாடியில் பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடி நனைந்து கிடந்தது. நான் கையில் சின்ன ரம்பத்தோடு பைன் மரத்தின் முன்னால் குந்தியிருந்தேன். படியேறி வந்த மனைவி காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமிக்கு வுட்டத வெட்டப் போறீங்களா? புள்ள அங்க இருக்கச்சொல்ல?"

மரம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒன்றரைச் சாண் உயரம், மண் தொட்டிக்குள் ஒரு ஜப்பான் கறுப்புப் பைன். பையன் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கினான். அமெரிக்கா புறப்பட்ட அன்று அதை மாடியில் வைத்துவிட்டு, "பாத்துக்கினு இரு நைனா, தண்ணி மட்டும் தேங்கவே கூடாது" என்றான். தெருவில் எல்லோருக்கும் அது சவுக்குக் கன்றுதான். சவுக்கு இல்லை, இதில் ஊசிகள் இரண்டிரண்டாக வரும், எண்ணிப் பாருங்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் எண்ணவில்லை.

ஞாயிறுதோறும் போன் வரும். அம்மாவிடம் சாப்பாடு பற்றிப் பேசுவான், என்னிடம் மரம் பற்றி. வசந்தத்தில் கிளை நுனியில் மெழுகுவத்திபோல நிமிரும் துளிரை முற்றிய மரத்தில்தான் கிள்ள வேண்டும். வளர்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது என்றான். அடித்தண்டு பருக்க வேண்டுமென்றால் கீழே ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் இஷ்டத்துக்கு ஓட விட வேண்டும். அது ஓட ஓட அதன் கீழே தண்டு தடிக்கும். தடித்ததும் அந்தக் கிளையை அறுத்து எறிந்துவிடலாம். அதற்குப் பெயர் சாக்ரிஃபைஸ் பிராஞ்ச்.

"அப்டின்னா இன்னா?" என்றாள் மனைவி, போனை வைத்ததும்.

பலிக் கொம்பு என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை கடல் தாண்டி இருக்கும்போது வீட்டில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? ஒரு நிமிடம் யோசித்து, "காணிக்கைக் கொம்பு" என்றேன். நல்ல மொழிபெயர்ப்பு என்று எனக்கே ஒரு திருப்தி.

மறுநாள் காலை அந்தக் கிளையின் அடியில் மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே ஒன்றேகால் ரூபாய். திருப்பதிக்கு இவ்வளவு கிட்டத்தில் பிறந்தவளிடம் காணிக்கை என்றால் வேறென்ன அர்த்தமாகும்? வேண்டிக்கொண்ட தலைமுடியில் எப்படிக் கத்தி படக் கூடாதோ அப்படியே இதிலும் படக் கூடாது. பிள்ளை வந்து, அவன் கையாலேயே இறக்க வேண்டும் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டாளாம்.

பிள்ளை வரவில்லை. ஒரு வேலை போய் இன்னொரு வேலை கிடைத்து, விசா மாறி, ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்ற பயத்தில் மூன்று வருடம் போயிற்று. கொம்பு மட்டும் நான்கடி நீண்டு, துணி காயப்போடும் கம்பியில் போய்ச் சிக்கியது. தண்டு என் கட்டைவிரலைத் தாண்டிப் பருத்துவிட்டது, அது போதும். ஆனால் சத்தையெல்லாம் கொம்பே குடித்தது. அதன் நிழலில் கிடந்த கீழ்க் கிளைகள் ஐந்தில் இரண்டு காய்ந்தன, மூன்றில் ஊசி பழுக்கத் தொடங்கியது. பைனில் ஊசி முழுக்க உதிர்ந்த கிளை திரும்பத் துளிர்ப்பது அபூர்வம். அந்த மூன்றும் போனால் மிஞ்சுவது தடித்த குச்சி ஒன்றுதான். அவன் வந்து பார்க்கும்போது அதையா காட்டுவது? குளிர்காலத்தில் அறுத்தால் பால் அதிகம் வடியாது. இந்த டிசம்பரை விட்டால் அடுத்த டிசம்பர்தான்.

இதையெல்லாம் அன்று பனியில் அவளிடம் சொன்னேன். அவள் என் கையை விடவில்லை.

"இது ஆணா, பொண்ணா?"

"எது?"

"மரந்தாங்க."

"ரெண்டும் ஒரே மரத்துலதான். ஆண் பூவும் வரும், பொண் பூவும் வரும்."

"பாதி பொண்ணுன்னு சொல்றீங்க."

"பாதின்னு கணக்கு கெடயாது..."

"பொம்பளைங்களுக்கு மொட்ட எதுக்கு? மலைல மூடு கத்தெர்லுன்னு கேட்டு மூணு கத்திரி வெட்டி வுட்றாங்க இல்ல? எங்கக்காவுக்கு அப்டித்தானே இறக்கனாங்க. மூணு கத்திரி குடுத்துட்லாம். மொதல் ரெண்டு நீங்க வெட்டுங்க. மூணாவது அவன் வந்து வெட்டட்டும். முடிச்சு மட்டும் இருக்கணும்."

"சாமி ஒத்துக்குவாரா?"

"எங்கக்காகிட்ட ஒத்துக்கினாரே."

காபி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு மேல்பாதியை அறுத்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாடியில் வெளிச்சம் கூடியது எனக்கே தெரிந்தது. சித்திரையில், ஊசி பழுத்திருந்த அந்த மூன்று கிளைகளிலும் புதுத் துளிர் நிமிர்ந்தது. ஒரே ஒரு கிளையில் தாமதம். அதற்காகப் பதினோரு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. அடுத்த டிசம்பரில் இரண்டாவது கத்திரி, முடிச்சுக்கு மேலே ஒரு சாண் விட்டு.

அதற்கடுத்த பிப்ரவரியில் பையன் வந்தான். பெட்டியைக் கூடத் திறக்காமல் மாடிக்குப் போனான். மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"யாரு நைனா சொல்லிக்குடுத்தா, இப்டி கொஞ்சங்கொஞ்சமா வெட்டணும்னு? அங்க பெரிய ஆளுங்கதான் இப்டி செய்றாங்க."

நான் வாய் திறப்பதற்குள் அவன் அம்மா முந்திக்கொண்டாள். "திர்ப்பதில யார கேட்டாலும் சொல்வாங்க. நீ மொதல்ல கைகால் கழுவு."

மூன்றாவது கத்திரியை அவனே போட்டான், தண்டோடு ஒட்டி. வடு ஒரு பழைய எட்டணா நாணயம் அளவு; நான்கைந்து வருடத்தில் மூடிவிடும் என்றான். நான் இருந்து பார்ப்பேனா என்று கேட்டேன். "சும்மா இரு நைனா" என்றான். இதை எழுதும்போது அது மூடியே விட்டது, பட்டையில் இடம் தேட வேண்டியிருக்கிறது.

அந்த வாரமே மூவரும் மலைக்குப் போனோம். அறுத்த துண்டையும் உண்டியலில் போடத்தான் அவள் பையில் எடுத்து வந்திருந்தாள். நானும் பையனும் கெஞ்சியதில் முடிச்சு மட்டும் உள்ளே விழுந்தது. பிறகு, இவ்வளவு நாள் காக்க வைத்ததற்கு வட்டி என்று என் பையிலிருந்து நூற்றுப் பதினாறு ரூபாய் எடுத்தாள். என்ன விகிதம் என்று கேட்டேன். வரிசையில் பேசக் கூடாதாம்.

இறங்கும்போது பையன் ஜன்னலோரம் தூங்கினான், தலை அவன் அம்மா தோள்மேல். மலைப்பாதை வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்குவது என் வழக்கம், அன்று பாதியிலேயே விட்டுவிட்டேன். செலவை மட்டும் கூட்டினேன். கன்று அவன் காசு, அது சேராது. தொட்டி இருநூற்று இருபத்தைந்து, ரம்பம் நூற்று நாற்பது, மூன்று பேருக்கு மலைக்குப் போக வர பஸ் இருநூற்று ஐம்பத்தெட்டு, முடிச்சு ஒன்றேகால், அதற்கு வட்டி நூற்றுப் பதினாறு. ஆக மொத்தம் எழுநூற்று நாற்பது ரூபாய் இருபத்தைந்து காசு.